ஜன்னலுக்கு ஒரு புள்ளிக்கோலம்

காலை பத்து மணி இருக்கும். ஹால் பக்கம் ‘டொப்’ என்று ஒரு சத்தம். பக்கத்து வீட்டுப் பையன் அடித்த பந்துதான் என்று நினைத்து வெளியே போனால் பந்தைக் காணோம். ஜன்னல் கண்ணாடியில் ஒரு புறா இருந்தது. அதாவது புறாவின் படம். விரித்த இறக்கை, அதில் ஒவ்வொரு இறகின் கோடு, சற்றே திரும்பிய தலை, எல்லாம் விபூதியைக் குழைத்து வரைந்ததுபோல் வெள்ளையாகப் பதிந்திருந்தது. அந்தப் படத்துக்குச் சொந்தக்காரப் புள்ளிப்புறா கீழே செம்பருத்திச் செடி ஓரம் கழுத்து மடங்கிக் கிடந்தது.

புறா இனத்துக்கு உடம்பில் ஒருவகைத் தனி இறகுகள் உண்டு. அவற்றின் நுனி உதிர்ந்து மாவாகிக்கொண்டே இருக்கும். கையில் புறாவைப் பிடித்தவர்களுக்குத் தெரியும், விட்ட பிறகு உள்ளங்கை வெளுத்திருக்கும். அந்த மாவுதான் வேகமாக மோதும்போது கண்ணாடியில் அச்சாகிவிடுகிறது.

வீடு கட்டி நான்கு வருடம் ஆகியும் அந்த ஜன்னலை வெளியே நின்று நான் ஒழுங்காகப் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் பார்த்தேன். ஜன்னலில் எங்கள் ஹாலே தெரியவில்லை. எதிரே நிற்கும் வேப்பமரம், அதன் கிளை, கிளைக்கு நடுவே நீல வானம், இவைதான் தெரிந்தன. புறா ஜன்னலை நோக்கி வரவே இல்லை. வேப்பமரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

இது எப்படி நடக்கிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போதும். சாதாரணக் கண்ணாடி, தன் மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் 8 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். மரநிழல் உள்ள தோட்டத்தில்கூடப் பகலில் 10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கு வெளிச்சம் இருக்கும். அதில் 8 சதவீதம் என்றால் 800. விளக்குப் போடாத ஹாலுக்குள் 100, 200 லக்ஸ் தேறினாலே அதிகம். ஆக, வெளியிலிருந்து பார்க்கும் கண்ணுக்குத் தோட்டத்தின் பிம்பம்தான் ஓங்கித் தெரியும், அறை அதற்குப் பின்னால் அமுங்கிப்போகும். வெயிலுக்குப் பயந்து நாம் ஒட்டும் பளபளப்பு ஃபிலிம் இந்த 8-ஐ இன்னும் பல மடங்காக்கிவிடும். இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. மாடிப்படி, மூலை அறை போன்ற இடங்களில் எதிரெதிரே இரண்டு கண்ணாடி இருந்தால் ஒன்றின் வழியாக மற்றொன்றுக்கு அப்பாலுள்ள மரம் தெரியும். பறவைக்கு அது நடுவே புகுந்து போகும் சந்து.

கடைக் கண்ணாடிக் கதவில் மூக்கை இடித்துக்கொண்ட அனுபவம் நமக்கும் உண்டுதான். ஆனால் கைப்பிடி, சட்டம், விரல் ரேகை என்று நமக்குத் துப்பு கொடுக்க நிறைய இருக்கின்றன. நாம் நடப்பதும் மணிக்கு ஐந்து கிலோமீட்டர். புறா வருவது நாற்பது, ஐம்பதில். அதோடு அதன் கண்கள் பக்கவாட்டில் இருக்கின்றன. பருந்து எந்தத் திசையிலிருந்தும் வரலாம் என்பதால் ஏறத்தாழ தலையைச் சுற்றி முழுவதையும் பார்க்கும்படி அமைந்த கண். இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கும் முன்பக்கப் பகுதி குறுகல். வெட்டவெளியில் பறக்கிற பிராணிக்கு நேர் எதிரே திடீரென்று சுவர் முளைக்கும் வாய்ப்பு, கண்ணாடி வரும்வரை, கிடையாது.

அமெரிக்காவில் 2014-ல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி அந்த நாட்டில் மட்டும் ஆண்டுக்கு 36.5 கோடி முதல் 98.8 கோடி வரை பறவைகள் கட்டடக் கண்ணாடியில் மோதிச் சாகின்றன. உடனே வானளாவிய கட்டடங்கள்தான் நினைவுக்கு வரும். அவற்றின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. கிட்டத்தட்ட பாதி, ஒன்று முதல் மூன்று மாடி வரையுள்ள சாதாரண வீடுகளில் நடக்கிறது. நம் ஊர்ப் பழைய வீடுகளில் ஜன்னல் என்றால் கம்பியும் மரக்கதவும்தான், பகலில் கதவு திறந்தே கிடக்கும். சுவரில் பாதியைக் கண்ணாடியாக வைப்பது இங்கே இப்போதுதான் பரவுகிறது. மரகதப்புறா, மீன்கொத்தி மாதிரி தாழ்வாக, நேராக, வேகமாகப் பறக்கிறவைதான் அதிகம் மாட்டும். ஐப்பசி வாக்கில் வடக்கிலிருந்து வந்து இறங்கும் ஆறுமணிக்குருவியும் இரவில் விளக்கு வெளிச்சத்தில் குழம்பி வீட்டுக்குள் புகுந்துவிடும்.

சரி, என்ன செய்யலாம்? பலரும் முதலில் செய்வது பருந்து ஸ்டிக்கர் ஒன்றை வாங்கி நடுவில் ஒட்டுவது. அசையாத பருந்துக்குப் பறவை பயப்படுவதில்லை, அதைச் சுற்றிக்கொண்டு பக்கத்தில் போய் மோதும். பென்சில்வேனியாவில் டேனியல் கிளெம் என்ற பறவையியலாளர் 1970-களிலிருந்து இந்த மோதல்களை ஆராய்ந்து வருகிறார். அவரும் மற்றவர்களும் வந்து சேர்ந்த முடிவு, படம் எது என்பது முக்கியமில்லை, இடைவெளிதான் முக்கியம் என்பது. பறவை எந்தச் சந்தையும் ‘இதில் என் உடம்பு நுழையுமா?’ என்றுதான் பார்க்கிறது. குறிகளுக்கு நடுவே 5 சென்டிமீட்டருக்கு மேல் இடம் விடாவிட்டால் சின்னக் குருவிகூட நுழைய முயல்வதில்லை. குறி கண்ணாடியின் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். உள்பக்கம் வைத்தால் அந்த 800 லக்ஸ் பிம்பம் அதையும் மூடிவிடும்.

5 சென்டிமீட்டர் என்பது கிட்டத்தட்ட மூன்று விரல் அகலம். இதைக் கேட்டதும் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை, அம்மாவைக் கூப்பிட்டேன். “வாசல்ல போடறதை ஜன்னல்ல போடச் சொல்றியேடா” என்றார். ஆனால் வெள்ளை பெயின்ட் மார்க்கரைக் கையில் கொடுத்ததும், அளவுகோல் இல்லாமல், முதல் வரிசையில் பதினைந்து புள்ளி வைத்தார். பட்டாணி அளவுப் புள்ளி. அளந்து பார்த்தேன், எந்த இரண்டு புள்ளிக்கும் நடுவே இடைவெளி ஐந்தைத் தாண்டவில்லை. கோலமாவு மழையில் போய்விடும் என்பதால்தான் பெயின்ட். ஸ்டூலில் ஏற முடியாதவர்கள் வெளிப்பக்கம் கொசுவலை அடிக்கலாம், அதுவும் பிம்பத்தைக் கொன்றுவிடும்.

மோதிய பறவை எல்லாம் உடனே செத்துவிடுவதில்லை. சில மயங்கி உட்கார்ந்திருக்கும். அப்போது நாம் பாசத்தோடு செய்யும் முதல் காரியம் அலகைத் திறந்து தண்ணீர் விடுவது. பறவைக்கு மூச்சுக்குழாயின் வாய் நாக்கின் அடிப்பகுதிக்குச் சற்றுப் பின்னாலேயே இருக்கிறது. ஊற்றிய தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போகும். ஓட்டை போட்ட செருப்புப் பெட்டி ஒன்றில் துணி விரித்து, வைத்து மூடி, பூனையும் குழந்தைகளும் வராத இடத்தில் ஒரு மணி நேரம் விட்டுவிட்டால் போதும். இருட்டில் பறவை தானாக அடங்கும். பிறகு வெளியே கொண்டுபோய்த் திறந்தால் பல சமயம் பறந்துவிடும். இறக்கை தொங்கினால் வனத்துறைக்குச் சொல்ல வேண்டியதுதான்.

சிட்டுக்குருவிக்கு ஆபத்து வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஃபேன் கப்பில் கூடு கட்டும் பழக்கம் அதற்கு. 1200 மில்லிமீட்டர் ஃபேன் நிமிடத்துக்கு 350 சுற்று சுற்றினால் இறக்கையின் நுனி மணிக்குச் சுமார் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும். மூன்று இறக்கை என்பதால் ஒரு இடத்தை ஒரு இறக்கை கடந்து அடுத்தது வர வினாடியில் பதினேழில் ஒரு பங்குதான் நேரம். பதினைந்து சென்டிமீட்டர் நீளக் குருவி, வினாடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் அந்த இடைவெளியைக் கடக்க அதில் பாதி நேரம் வேண்டும். அதாவது தப்புவதும் அடிபடுவதும் பூவா தலையா. குருவிக்கு நம்மைவிட வேகமாகப் பார்க்கும் கண். இருந்தாலும் அவ்வளவு பக்கத்தில் அந்த வேகம் அதற்கும் வெறும் மங்கல்தான். கப்பை அட்டையால் அடைத்துவிட்டு, வராந்தாவில் ஒரு பெட்டி மாட்டினால் அங்கே போய்விடும்.

இதுவரை சொன்னது கண்ணை ஏமாற்றும் ஆபத்து. எலி மருந்து நாக்கை ஏமாற்றுவது.

எலி ஒரு சந்தேகப் பிராணி. புதுத் தீனியைக் கொஞ்சமாகக் கடித்துப் பார்த்துவிட்டுக் காத்திருக்கும். வயிறு கலங்கினால் அந்தப் பக்கமே திரும்பாது. உடனே கொல்லும் விஷங்கள் இதனால்தான் அடிக்கடி தோற்கும். 1920-களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் பூசணம் பிடித்த ஒருவகைத் தீவனப்பயிரைத் தின்ற மாடுகள் ரத்தம் உறையாமல் செத்தன. அந்தப் பயிரிலிருந்த பொருளை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பிரித்தெடுத்தார்கள். அந்த ஆராய்ச்சியின் தொடர்ச்சியாக 1948-ல் எலி மருந்தாகக் கடைக்கு வந்ததுதான் வார்ஃபரின். இதய நோயாளிகள் பலர் சாப்பிடும் அதே வார்ஃபரின்தான்.

ரத்தம் உறையத் தேவையான புரதங்களைக் கல்லீரல் செய்கிறது. அதற்கு வைட்டமின் கே வேண்டும். பயன்படுத்திய வைட்டமினை உடம்பு தூக்கிப் போடாமல் ஒரு நொதியை வைத்துப் புதுப்பித்து மறுபடி பயன்படுத்தும். வார்ஃபரின் அந்த நொதியைப் பூட்டிவிடுகிறது. ஆனால் ஏற்கெனவே ரத்தத்தில் இருக்கும் புரதம் தீரும்வரை எலிக்கு ஒன்றும் தெரியாது. நன்றாக ஓடியாடும், அடுத்த நாளும் வந்து சாப்பிடும். மூன்றாம், நான்காம் நாளில்தான் உள்ளே ரத்தம் கசிந்து தளரும். எந்தத் தீனியால் இந்த வினை என்று அதற்குப் புரிய வழியே இல்லை. பிறகு இதற்கு எலிகள் தாக்குப்பிடிக்கத் தொடங்கியதும் புரோமடியோலோன், புரோடிஃபாகம் என்று இன்னும் வலுவானவை வந்தன. இன்றைக்குக் கடையில் கிடைக்கும் எலி கேக்குகளில் பலவற்றில் புரோமடியோலோன்தான் இருக்கிறது.

இந்த மருந்தின் கெட்டிக்காரத்தனமும் கேடும் அந்த மூன்று நாள் தாமதம்தான் என்பது என் எண்ணம். தாமதத்துக்குள் எலி பல வேளை தின்று, தன்னைக் கொல்லத் தேவையானதைவிட அதிக விஷத்தைச் சுமந்துகொண்டு திரிகிறது. தளர்ந்ததும் பட்டப்பகலில் வெளியே வந்து மெதுவாக நடக்கும். இரை தேடுகிற கூகைக்கோ சாரைப்பாம்புக்கோ வல்லூறுக்கோ இதைவிட லகுவான சாப்பாடு உண்டா? கூகை ஒரு இரவில் இரண்டு, மூன்று எலிகளை முழுசாக விழுங்கும். புதிய வகை விஷங்கள் கல்லீரலில் மாதக்கணக்கில் தங்கும். ஒவ்வொரு எலியும் கொஞ்சம் கொஞ்சமாகக் கணக்கில் சேரும். டெல்டாவில் வயல் நடுவே ‘டி’ எழுத்து வடிவில் குச்சி நட்டு, ஆந்தை வந்து உட்காரட்டும் என்று காத்திருக்கிறார்கள். அதே ஆந்தைக்கு நாம் கிலோமீட்டர் தள்ளி மாடியில் விஷம் வைக்கிறோம்.

மாற்று ஒன்றும் புதிதில்லை. வயலுக்குத் தஞ்சாவூர் கிட்டி என்னும் மூங்கில் பொறி, வீட்டுக்கு மசால்வடை மாட்டிய கூண்டுப்பொறி. ஆனால் பொறிக்கு முன்னால் செய்ய வேண்டியது, கட்டைவிரல் நுழையும் ஓட்டை எல்லாவற்றையும் அடைப்பது, குழாய் வாயில் கம்பிவலை கட்டுவது, குப்பைக்கூடைக்கு மூடி போடுவது. ஒட்டு அட்டை மட்டும் வேண்டாம். எலியோடு அரணையும் பல்லியும் அதில் மாட்டும். ஏதாவது மாட்டிவிட்டால் பிய்க்காமல் சமையல் எண்ணெயைத் தடவுங்கள், பசை இளகும்.

பாம்புக்கு எமன் நைலான் வலை. கீரைப்பாத்திக்கு மேல் கட்டி, மீதியைத் தரையில் சுருட்டிப் போட்டிருப்போம். பாம்பின் செதில்கள் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி, தலையிலிருந்து வால் பக்கம் அடுக்கியவை. முன்னே போக வழுக்கும், பின்னே வர ஒவ்வொரு செதிலின் விளிம்பும் நூலில் மாட்டும். தலை நுழைந்து நடு உடம்பு சிக்கினால் அதற்குத் தெரிந்த ஒரே வழி இன்னும் முன்னே தள்ளுவது, அப்போது நூல் தோலை அறுக்கும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2021 முதல் வீட்டுத் தோட்ட வலையின் கண் 5 மில்லிமீட்டருக்குமேல் இருக்கக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. சுண்டுவிரல் நுழையாத வலை என்று வைத்துக்கொள்ளலாம். தண்ணீர்த் தொட்டி, பிளாஸ்டிக் டிரம் விஷயம் இன்னும் எளிது. அணில் நீந்தும், ஆனால் வழவழப்பான சுவரில் ஏறாது. ஒரு பழைய சாக்கை உள்ளே தொங்கவிட்டால் வேலை முடிந்தது.

பாசத்தால் வரும் காயமும் ஒன்று உண்டு. சித்திரையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஒரு கொண்டைக்குருவிக் குஞ்சைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்தார்கள். கூட்டிலிருந்து விழுந்துவிட்டதாம், பாலில் நனைத்த ரொட்டி கொடுத்தார்களாம். பறவைக்குப் பால் செரிக்காது. குஞ்சு விழவும் இல்லை. இறகு முளைத்து, வால் மட்டும் குட்டையாக இருந்தது. இந்த வயதில் அவை ஒழுங்காகப் பறக்கும் முன்பே கூட்டைவிட்டு இறங்கிச் செடிக்குச் செடி தத்தும், தாய் தேடி வந்து ஊட்டும். கண் திறக்காத, இறகில்லாத குஞ்சு என்றால்தான் கூட்டில் எடுத்து வைக்க வேண்டும். மனித வாசனை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது கட்டுக்கதை.

எடுத்த இடத்துக்கே போய், கேட் ஓரம் நந்தியாவட்டைச் செடியில் அதை உட்கார வைத்தோம். பூனையை மட்டும் வீட்டுக்குள் பூட்டச் சொன்னேன். பத்து நிமிடம் ஆகவில்லை, தாய் அலகில் பச்சைப் புழுவோடு வந்து மின்கம்பியில் உட்கார்ந்து எங்களைத் திட்டியது. அன்று சாயங்காலம் வரை கேட்டை யாரும் திறக்கவில்லை. பால்காரர்கூடக் கொல்லைப்பக்கமாகச் சுற்றித்தான் வந்தார்.