கிளிமூக்கு

சித்திரை பிறந்தால் சேலம் கடைவீதியில் "கிளிமூக்கு கிலோ என்னங்க?" என்ற கேள்வி தினமும் காதில் விழும். கேட்பது மாங்காயை. நீளமான காய், அடிநுனி ஒரு பக்கமாக வளைந்து கூராக முடியும், அச்சு அசலாகக் கிளியின் அலகு. கீற்றுப் போட்டு உப்பு, மிளகாய்த்தூள் தடவித் தருவார்களே, அதே காய்தான். வடக்கே இதைத் தோத்தாபுரி என்பார்கள். இந்தியில் தோத்தா என்றால் கிளி. மூக்கின் பெயர் அந்த மூக்குள்ள காய்க்கே பெயராகிவிட்டதால் இலக்கணத்தில் இது அன்மொழித்தொகை.

ஆட்களுக்கும் இதே சொல்தான். பெண் பார்த்துவிட்டு வந்த அம்மாயி திண்ணையில் உட்கார்ந்து, "புள்ள லட்சணமா இருக்குது, அப்பனாட்டமே கிளிமூக்கு" என்றது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதில் கேலி துளியும் இல்லை. கண்ணில் பட்ட அடையாளத்தைச் சொன்னது, அவ்வளவுதான்.

இப்போது மொழிபெயர்ப்புகளில் இந்த இடத்தில் 'கழுகுமூக்கு' வந்து உட்கார்ந்துகொள்கிறது. வளைந்த மூக்கைக் குறிக்கும் ஆங்கிலத்தின் 'ஆக்விலைன்' என்ற சொல்லை அப்படியே பெயர்த்ததன் விளைவு. அதன் வேர் லத்தீன் 'அக்விலா', அதாவது கழுகு. ரோமானியப் படைகள் கழுகுச் சின்னத்தைக் கொடிக்கம்பின் உச்சியில் ஏந்திச் சென்றவை. அவர்களுக்குக் கழுகு வீரத்தின் அடையாளம். நமக்கோ "கழுகுக்கு மூக்கில் வேர்த்த மாதிரி" என்ற பழமொழி முந்திக்கொண்டு வருகிறது. எங்கே என்ன விழும் என்று மோப்பம் பிடித்து வந்து நிற்பவரைச் சொல்வது அது. திருக்கழுக்குன்றத்தில் கழுகுக்குச் சோறிட்டு வணங்கிய ஊர்தான் நாம். ஆனாலும் பேச்சில் கழுகின் மூக்குக்கு நல்ல பெயர் இல்லை. மணப்பெண்ணைக் கழுகுமூக்குக்காரி என்று எழுதினால் படிப்பவர் முகம் சுளிப்பார்.

வடிவத்தைப் பார்த்தாலும் கிளிதான் பொருந்துகிறது. கழுகின் அலகு அடியில் சற்று நேராக வந்து நுனியில்தான் கொக்கிபோல் மடங்கும். பச்சைக்கிளியின் மேலலகு வேரிலிருந்தே வில்லாக வளைகிறது. நாம் சொல்ல வருகிற மனித மூக்கும் புருவத்துக்குக் கீழே புடைத்து, அங்கிருந்தே இறங்கி வளைவதுதானே?

இந்த உவமை நம் பக்கத்தில் பழையது. கோயில் விமானத்தின் முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் உறுப்பைச் சிற்பநூலார் சுகநாசி என்கிறார்கள். சுகம் என்பது வடமொழியில் கிளி. புலவர்கள் மூக்குக்கு எள்ளுப்பூவையும் குமிழம்பூவையும் உவமை சொன்னார்கள். அவை எடுப்பான, அழகிய மூக்குக்கு. வளைந்த மூக்குக்கு அவை உதவா.

ஆகவே 'ஆக்விலைன்' வரும் இடத்தில் கிளிமூக்கு என்றே எழுதலாம். வேட்டைக்காரனின் கொடிய பார்வையையும் சேர்த்துச் சொல்லவேண்டிய கதைமாந்தர் என்றால் மட்டும் கழுகைக் கூப்பிடுங்கள்.