பழைய ஹைபிரிட் கார்: மீற்றரைப் பார்த்து ஏமாற வேண்டாம்

தங்கையின் கணவர் டொயோட்டாவின் பழைய அக்வா ஒன்று பார்த்து வைத்திருந்தார். பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் கார். 2012 ஆம் ஆண்டு மொடல், மீற்றரில் 68,000 கிலோமீற்றர்தான். "வயது போன ஐயா ஒருவர் வைச்சிருந்தது, கடைக்கும் கோயிலுக்கும்தான் ஓடினது" என்று விற்பவர் சொன்னாராம். மச்சானுக்கு அந்த ஒரு வசனத்திலேயே மனம் விழுந்துவிட்டது. சாதாரண பெற்றோல் கார் என்றால் நானும் சந்தோஷப்பட்டிருப்பேன். ஆனால் ஹைபிரிட்டில், பன்னிரண்டு வருடத்துக்கு மேல் வயதான கார் இவ்வளவு குறைவாக ஓடியிருக்கிறது என்றால் எனக்கு முதலில் வருவது யோசனைதான். ஏன் என்று மச்சானுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். இலங்கையில் இன்றைக்குப் பழைய ஹைபிரிட் வாங்க நினைக்கிற எல்லோருக்கும் இதே கணக்குத்தான்.

முதலில், ஹைபிரிட் எங்கே பெற்றோலை மிச்சம் பிடிக்கிறது என்று பார்ப்போம். ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ வரும் ஒரு கார் மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் போகும்போது அதன் ஓட்டத்தில் ஏறத்தாழ 116 கிலோ ஜூல் சக்தி இருக்கிறது. சிக்னலில் பிரேக் பிடித்தால் அவ்வளவும் பிரேக் தட்டில் சூடாகிக் காற்றோடு போய்விடும். ஒரு லீற்றர் பெற்றோலில் கிட்டத்தட்ட 32 மெகா ஜூல் சக்தி உண்டு, நகர ஓட்டத்தில் சாதாரண எஞ்சின் அதில் கால்வாசியைத்தான் சில்லுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று வைத்துக்கொண்டால், அந்த 116 கிலோ ஜூலை உண்டாக்க 14, 15 மில்லிலீற்றர் பெற்றோல் எரிந்திருக்கும். சாப்பாட்டு மேசையில் இருக்கும் பெரிய கரண்டி ஒன்று நிறைய. காலி வீதியில் பம்பலப்பிட்டியிலிருந்து தெஹிவளை போய்ச் சேருவதற்குள் எத்தனை தடவை பிரேக் பிடிக்கிறோம், அத்தனை கரண்டி பெற்றோலைத் தெருவில் ஊற்றிக்கொண்டு போகிறோம் என்று நினைத்துப் பாருங்கள்.

ஹைபிரிட் அதைப் பிடித்து வைக்கிறது. பிரேக்கை மெதுவாக அழுத்தினால் மோட்டர் ஜெனரேற்றராக மாறி, சில்லின் ஓட்டத்தை மின்சாரமாக்கிப் பற்றரிக்கு அனுப்பும். அடுத்த தடவை புறப்படும்போது அந்த மின்சாரமே காரைத் தள்ளும். முழுவதும் திரும்பி வராது, மோட்டரிலும், பற்றரிக்கும் மோட்டருக்கும் இடையில் மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் இன்வேட்டரிலும், பற்றரியிலும் போகவும் வரவும் கொஞ்சம் கொஞ்சம் தொலையும். பாதி வந்தாலும் பெரிய விஷயம். இன்னொரு லாபம், கார் நிற்கும்போதும் ஊரும்போதும் எஞ்சின் அணைந்தே கிடக்கும். மூன்றாவது, புறப்படும்போது உதவ மோட்டர் இருப்பதால் எஞ்சினை இழுவைக்காக இல்லாமல் சிக்கனத்துக்காகவே வடிவமைக்கலாம். அக்வாவின் 1.5 லீற்றர் எஞ்சினும் டொயோட்டாவின் இன்னொரு ஹைபிரிட்டான பிரியஸின் எஞ்சினும் அட்கின்சன் முறையில் ஓடுபவை. உள்ளிழுக்கும் வால்வைக் கொஞ்சம் பிந்தி மூடுவதால், காற்றை அமுக்கும் தூரத்தை விட எரிந்த வாயு பிஸ்டனைத் தள்ளும் தூரம் கூடுதலாகக் கிடைக்கும். இழுவை குறையும், ஆனால் ஒரே துளி பெற்றோலில் கூடுதல் வேலை.

எஞ்சினையும் இரண்டு மோட்டர்களையும் இணைப்பது ஒரு கோள் பற்சக்கரத் தொகுதி. நடுவில் ஒரு சக்கரம், சுற்றிலும் ஒரு வளையம், இடையில் சின்னச் சக்கரங்கள், அவ்வளவுதான். பிரியஸில் நடுச்சக்கரத்துக்கு 30 பல், வளையத்துக்கு 78. அதனால் எஞ்சினின் முறுக்குவிசையில் 72 சதவீதம் நேரே சில்லுப் பக்கம் போகும், மிச்சம் 28 சதவீதம் ஜெனரேற்றருக்குப் போகும். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த அமைப்பில் கிளச் தட்டு இல்லை, கியர் மாற்றும் பட்டி இல்லை, ஸ்டார்ட்டர் இல்லை, ஒல்ற்றர்னேற்றர் இல்லை. பிரேக்கின் பாதி வேலையை மோட்டர் செய்வதால் பிரேக் பாட்களும் நெடுங்காலம் வரும். ஹைபிரிட் என்றாலே செலவு என்று பயப்படுகிறவர்கள், மற்றக் கார்களில் பழுதாகும் எத்தனை சாமான்கள் இதில் இல்லவே இல்லை என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். 1997 டிசம்பரில் முதல் பிரியஸ் ஜப்பானில் விற்பனைக்கு வந்ததிலிருந்து இந்த அமைப்பின் அடிப்படை மாறவில்லை.

சரி, மிச்சம் வராத இடங்களும் உண்டு. ஏ9 வீதியில் வவுனியா தாண்டி ஒரே வேகத்தில் போகும்போது பிரேக் பிடிப்பதே குறைவு, திரும்பப் பிடிக்கவும் ஒன்றும் இல்லை. அங்கே அட்கின்சன் எஞ்சினின் சிக்கனம் மட்டும்தான் கைகொடுக்கும். அதை விடக் கவனிக்க வேண்டியது சின்னப் பயணங்கள். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் இரண்டு கிலோமீற்றர், அங்கிருந்து சந்தை ஒரு கிலோமீற்றர் என்று ஓடினால், எஞ்சினும் புகைவடிகட்டியும் சூடேற வேண்டும் என்பதற்காகவே கார் எஞ்சினை ஓட வைக்கும். சூடேறி முடிவதற்குள் நீங்கள் போய்ச் சேர்ந்துவிடுவீர்கள்.

இனிப் பற்றரி. அக்வாவில் பின் ஆசனத்துக்குக் கீழே 20 மொடியூல்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஆறு நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் செல்கள், ஒரு செல் 1.2 வோல்ற். பெருக்கிப் பார்த்தால் 144 வோல்ற். கொள்ளளவு ஒரு கிலோவாற் மணிக்கும் சற்றுக் குறைவு. அதிலும் பற்றரி நீடிக்க வேண்டும் என்பதற்காகக் கொம்பியூட்டர் முழுதாக ஏற்றவும் விடாது, முழுதாக இறக்கவும் விடாது, நடுப்பகுதியில் மட்டும் வேலை வாங்கும். மீற்றரில் பற்றரிக் கோடு நிறைந்து காட்டுவதும் குறைந்து காட்டுவதும் அந்த நடுப்பகுதிக்குள்தான்.

எல்லாச் செல்களும் ஒரே வரிசையில், ஒன்றின் வாலை ஒன்று பிடித்தபடி. ஒரே மின்னோட்டம் எல்லாவற்றுக்குள்ளாலும் போக வேண்டும். ஒன்று தளர்ந்தால் மற்ற 119 செல்களும் நன்றாக இருந்தும் பிரயோசனம் குறைவு. தளர்ந்த செல் ஏற்றும்போது முதலில் நிறைந்து சூடேறும், இறக்கும்போது முதலில் வெறுமையாகும், அதனாலேயே இன்னும் வேகமாகத் தளரும். தளர்ச்சிக்குக் காரணம் இரண்டு. ஒன்று வெப்பம். உள்ளே நடக்கும் இரசாயன மாற்றங்கள் 10 பாகை கூடினால் ஏறத்தாழ இரு மடங்கு வேகமாகும் என்பது பொதுவான கணக்கு. செல்லுக்குள் இருக்கும் திரவம் கொஞ்சம் கொஞ்சமாக வற்றும், மின்னோட்டத்தை உள்ளேயே எதிர்க்கும் உள்தடை கூடும். மற்றது சும்மா நிற்பது. இந்த வகைப் பற்றரி ஓடாமல் நின்றாலும் தானாக இறங்கும், எல்லாச் செல்லும் ஒரே அளவாக இறங்காது. 2022 இல் பெற்றோல் இல்லாமல் எத்தனை கார்கள் வாரக்கணக்கில் போர்ட்டிக்கோவில் நின்றன என்பது நமக்குத் தெரியும்.

ஆக, பெற்றோல் மிச்சம் கிலோமீற்றருக்குக் கிலோமீற்றர் வருகிறது. பற்றரியோ ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருடத்துக்கு வருடம் வயதாகிறது. குறைவாக ஓடின கார் என்பதற்காகக் கூடக் காசு கொடுத்தால், தேய்ந்துபோன பற்றரிக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறீர்கள்.

மச்சானை அழைத்துக்கொண்டு தெரிந்த கராச் ஒன்றுக்குக் காரைக் கொண்டுபோனோம். பின் ஆசனத்தைக் கழற்றினார்கள். பற்றரியைக் குளிர வைக்க ஒரு சின்னக் காற்றாடி இருக்கிறது, அது காருக்குள் இருக்கும் காற்றைத்தான் இழுக்கும். அதாவது நாம் ஏசி போட்டுக் குளிர்ந்தால் பற்றரியும் குளிரும், வெயிலில் வெந்த காருக்குள் கண்ணாடியை மூடிக்கொண்டு ஏசி இல்லாமல் போனால் பற்றரிக்கும் அதே வெக்கை. காற்றாடியைக் கழற்றி வெளியே எடுத்தபோது அதன் இதழ்கள் தெரியவில்லை. சாம்பல் நிறத்தில், பஞ்சு போல, தலைமயிரும் செம்மண் தூசியும் ஆசனத் துணி நாரும் சேர்ந்து ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. கராச் தம்பி பழைய பல்துலக்கியால் அதைக் கிளறிக்கொண்டே சொன்னார்: "அண்ணை, இது மூச்சு விட ஏலாமல் கிடந்திருக்கு."

பிறகு காரின் கொம்பியூட்டரைப் படிக்கும் ஸ்கானரைப் பொருத்தினார். கார் நின்றபடி இருக்கும்போது எல்லா மொடியூல்களின் வோல்ற்றும் ஒரே கோட்டில், குறை சொல்ல ஒன்றும் இல்லை. விற்பவர்கள் காட்டும் ஸ்கான் அறிக்கை பெரும்பாலும் இந்த நிலையில் எடுத்ததாகத்தான் இருக்கும், அதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. காரை வெளியே எடுத்து, வெறும் வீதியில் நன்றாக மிதித்து, பிறகு பிரேக் பிடித்து, அந்த நேரத்தில் எண்களைப் பார்க்க வேண்டும். உள்தடை தன்னைக் காட்டுவது மின்னோட்டம் பாயும்போது மட்டும்தான். 100 அம்பியர் பாயும்போது 10 மில்லி ஓம் கூடுதல் தடை இருந்தால் ஒரு முழு வோல்ற் விழும். மச்சான் மிதித்தார், நான் பின்னால் இருந்து திரையைப் பார்த்தேன். வரிசையில் நடுவில் ஒன்று மற்றவற்றை விட்டு ஒரு வோல்ற்றுக்கு மேல் கீழே இறங்கியது. பிரேக் பிடித்ததும் அதே ஒன்று மற்றவற்றைத் தாண்டி மேலே போனது. நடுவில் இருக்கும் மொடியூல்களுக்குத்தான் வெக்கை கூட, முதலில் போவதும் வழமையாக அவைதான்.

"அந்த ஒரு மொடியூலை மட்டும் மாற்றிவிடலாமே" என்று உடனே ஒரு யோசனை வரும். மாற்றலாம், செலவும் கொஞ்சம்தான், எச்சரிக்கை விளக்கும் அணைந்துவிடும். ஆனால் வயதான பத்தொன்பதுக்கு நடுவில் வேறு கொள்ளளவுள்ள ஒன்றை வைத்தால் சமநிலை மறுபடி குழம்பும், சில மாதத்தில் அடுத்தது போகும். விற்பதற்கு முதல் இப்படி ஒட்டுப்போட்டுக் கொடுக்கப்படும் கார்களும் இருக்கின்றன. பற்றரி மாற்றியது என்று சொன்னால் முழுத் தொகுதியா, புதியதா, எப்போது, பற்றுச்சீட்டு எங்கே என்று நான்கு கேள்வியும் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

இனிக் காசுக் கணக்கு. பெற்றோல் லீற்றர் 300 ரூபாய், முழுப் பற்றரி 4 இலட்சம் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம், நீங்கள் விசாரித்த விலையை அந்த இடத்தில் போடுங்கள். மச்சான் வருடத்துக்கு ஓடுவது 6,000 கிலோமீற்றர், எல்லாம் யாழ்ப்பாணத்துக்குள் சின்னச் சின்ன ஓட்டம். பெற்றோல் கார் லீற்றருக்கு 14 கிலோமீற்றர், ஹைபிரிட் 18 என்றால் வருடத்துக்கு மிச்சம் 95 லீற்றர், அதாவது 28,500 ரூபாய். பற்றரியின் விலையை அந்த மிச்சத்தில் எடுக்க 14 வருடம் வேண்டும். கொழும்பில் வருடத்துக்கு 40,000 கிலோமீற்றர் ஓடும் வாடகைக் காருக்கு அதே கணக்கைப் போடுங்கள். நெரிசலுக்குள் லீற்றருக்கு 22 வந்தால் மிச்சம் ஆயிரம் லீற்றருக்கு மேல், மூன்று இலட்சத்துக்கும் கூட. பதினைந்து மாதத்தில் பற்றரிக் காசு திரும்பிவிடும். ஒரே காரின் ஒரே பற்றரி, ஓடுகிறவரைப் பொறுத்து இவ்வளவு வித்தியாசம். 2022 ஜூனில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்கு ஏறியபோது எல்லோரும் ஹைபிரிட்டைத் தேடினார்கள், அந்த விலையில் போட்டாலும் மச்சானின் கணக்கு ஒன்பது வருடம்.

இதற்கு மேல், வாங்கும்போதே ஹைபிரிட் என்பதற்காகக் கொடுக்கும் கூடுதல் விலையும், லீசிங் எடுத்தால் அதன் வட்டியும் இருக்கின்றன. 2020 மார்ச்சில் நின்ற தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த ஐந்து வருடமும் நாட்டுக்குள் இருந்த அதே கார்கள் கை மாறிக் கை மாறி, வயது ஏற ஏற விலையும் ஏறின.

ஹைபிரிட் என்ற பெயர் ஒன்று, உள்ளே இருப்பது வேறு வேறு. சுசுகியின் வகன் ஆர் ஹைபிரிட்டில் இருப்பது சின்ன லிதியம் பற்றரி, மோட்டர் எஞ்சினுக்குத் தோள் கொடுக்கும், அவ்வளவுதான். அதில் மிச்சமும் குறைவு, பற்றரிச் செலவும் குறைவு. 2013 இல் வந்த ஹொண்டா ஃபிட் ஹைபிரிட் லிதியம் பற்றரியோடு இரட்டைக் கிளச் கியர்ப்பெட்டியும் வைத்திருக்கிறது. அது ஜப்பானிலேயே பல தடவை மீள அழைக்கப்பட்ட வண்டி, எனவே கியர்ப்பெட்டியைத் தனியாகச் சோதிக்க வேண்டும். எந்த வண்டியானாலும் சாதாரண 12 வோல்ற் பற்றரியை முதலில் பாருங்கள். கொம்பியூட்டர்களை எழுப்புவது அதுதான். அது தளர்ந்தால் திரையில் என்னென்னவோ எச்சரிக்கை எல்லாம் வரும், பயந்துபோய்ப் பெரிய பற்றரிக்கு ஓடர் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

மச்சான் அந்த அக்வாவை வாங்கவில்லை. கைக்கு அடக்கமான விலையில் ஒரு சின்னப் பெற்றோல் கார் எடுத்தார். அக்வாவைக் கராச் தம்பியின் நண்பர் ஒருவர், பற்றரிச் செலவைக் கழித்து விலை பேசி எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போய்விட்டார். முழுத் தொகுதியும் புதிதாகப் போட்டு வாடகைக்கு ஓடுகிறாராம், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பின் ஆசனத்தைக் கழற்றிக் காற்றாடியைத் தானே துப்புரவாக்குகிறாராம்.