அங்கன்வாடியில் எடை போட்டால் போதாது, வளர்ச்சி வரைபடக் கோட்டையும் பாருங்கள்

நாகர்கோவில் பக்கம் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், "என்ன, பிள்ளை மெலிஞ்சு போச்சு?" என்று கேட்க நாலு பேர் இருப்பார்கள். அவர்களுக்குப் பதில் தாய் சேய் நல அட்டையில் உள்ள வளர்ச்சி வரைபடத்தில் இருக்கிறது.

ஆறு வயது வரை பிள்ளைகளின் எடையையும் உயரத்தையும் பார்த்துப் பதிவது அங்கன்வாடியின் வேலை. 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின்கீழ் இது இலவசம். வருமான வரம்பு கிடையாது, ரேஷன் அட்டை எந்த வகை என்றும் பார்ப்பதில்லை. "அது இல்லாதப்பட்டவங்களுக்கு" என்று ஒதுங்கி நிற்பது வீண் கௌரவம். பேறுகாலத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்து தக்கலையிலோ குளச்சலிலோ இருந்தால், அங்குள்ள மையத்திலேயே கேளுங்கள்.

வரைபடத்தில் பச்சை என்றால் சரியான எடை, மஞ்சள் என்றால் குறைவு, ஆரஞ்சு என்றால் மிகக் குறைவு. ஒரு வயது ஆண் பிள்ளையின் நடுத்தர எடை 9.6 கிலோ. அதற்காக 8 கிலோ இருக்கிற பிள்ளை மோசமில்லை, அதுவும் பச்சைக்குள்தான். மாதாமாதம் குறிக்கும் எடைப் புள்ளிகளை இணைக்கும் கோடு மேலே போகிறதா என்பதுதான் முக்கியம். பச்சையில் இருந்தாலும் இரண்டு மாதமாகக் கோடு படுத்தே கிடந்தால் விசாரிக்க வேண்டும். வயிற்றுப்போக்கு, காய்ச்சல் வந்ததா? ஆறு மாதம் கழிந்தும் கஞ்சித் தண்ணீரோடு நிற்கிறதா? நம்மூரில் ஏத்தங்காய்ப் பொடி காய்ச்சிக் கொடுப்பது நல்ல வழக்கம்தான், ஆனால் அது மட்டும் போதாது. பருப்பு, முட்டை, முள் நீக்கிய சாளை மீன், கொஞ்சம் எண்ணெய் எல்லாம் சேர வேண்டும்.

ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்குச் சத்துமாவு வீட்டுக்கே கிடைக்கும். இரண்டு வயதிலிருந்து மையத்தில் மதியச் சாப்பாடும் வாரம் மூன்று முட்டையும் உண்டு. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் கையின் மேல்பகுதிச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே இருந்தால் கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு. அப்போது சத்துமாவை நம்பி வீட்டில் வைத்திருக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டு போங்கள். தேவைப்பட்டால் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகத்தான் 2022இல் தமிழக அரசின் 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டம் வந்தது.

குண்டுப் பிள்ளை ஆரோக்கியமான பிள்ளை என்பதும் சரியில்லை. உயரத்துக்கு ஏற்ற எடையா என்று அதே மையத்தில் கேட்கலாம்.

எடையை அட்டையில் குறிக்காமல் செல்போனில் மட்டும் பதிகிறார்களா? அவர்கள் பதியும் 'போஷன் டிராக்கர்' செயலியின் திரையைக் காட்டச் சொல்லுங்கள். எடையே போடவில்லை என்றால், வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் சொல்லலாம்.