போன்ல வைரஸும் இல்ல, உங்க மேல தப்பும் இல்ல

ஹட்டன்ல போன் ரிப்பேர் கடை வச்சிருக்கேன், இதை ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சிட்டே இருந்தேன், இந்த வாரம் கடைக்கு வந்த ஒரு அம்மாவைப் பாத்ததுக்கு அப்புறம் எழுதாம இருக்க முடியல. பொகவந்தலாவ பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுக்குறவங்க, மகன் கட்டார்ல. "தம்பி, மகன் கோல் எடுத்தா மணி அடிக்குது, என்னால பேச முடியல, போன்ல வைரஸ் வந்துருச்சாம்"னு சொன்னாங்க. அவங்க போன்ல ஒரு வைரஸும் இல்ல. கோல் வர்ற ஸ்க்ரீன் தானா அப்டேட் ஆகி, மேல இழுத்து எடுத்தது இப்ப பக்கவாட்டுல இழுக்குற மாதிரி மாறியிருக்கு, அவ்வளவுதான். ஆனா அதுக்குள்ள வேற ஒரு கடையில வைரஸ் எடுக்குறேன்னு காசும் வாங்கிட்டு போனை ரீசெட் பண்ணிட்டாங்க, போட்டோ, நம்பர் எல்லாம் போச்சு.

எனக்கு ரொம்ப கோவம் வர்றது, வர்றவங்க எல்லாரும் சொல்ற ஒரே வார்த்தைக்குத்தான். "நாங்க படிக்கல தம்பி, எங்களுக்கு என்ன தெரியும்." ஐயோ, நேத்து வரைக்கும் நீங்கதானே அதே போன்ல மகன்கிட்ட வீடியோ கோல் பேசுனீங்க? நீங்க மறக்கல. நீங்க தூங்குறப்ப எவனோ வந்து உங்க லயத்து வீட்டு வாசலைப் பின்பக்கம் மாத்தி வச்சிட்டு போன மாதிரி இது. காலைல எந்திரிச்சு வாசலைத் தேடுறவங்க முட்டாளா? படிச்சவங்களும் இப்படித்தான் தடுமாறுனாங்க. 2012ல விண்டோஸ் 8 வந்தப்ப ஸ்டார்ட் பட்டனையே தூக்கிட்டாங்க, ஒபிஸ்ல வேலை செஞ்சவங்க கம்ப்யூட்டரை ஓஃப் பண்ணத் தெரியாம முழிச்சாங்க, எல்லாரும் சத்தம் போட்டதுல 2013ல பட்டன் திரும்பி வந்துச்சு, பழைய மாதிரி மெனு வர 2015ல விண்டோஸ் 10 வரணும்னு ஆச்சு. 2018ல ஸ்னாப்சாட்னு போட்டோ அனுப்புற ஆப்போட புது டிசைனை எதுத்து 12 லட்சத்துக்கு மேல ஆளுங்க கையெழுத்துப் போட்டாங்க. அவங்களை யாரும் படிக்காதவங்கன்னு சொல்லல.

போனையும் ஆப்பையும் செய்றவங்க யாரை நெனச்சு செய்றாங்கன்னே தெரியல. கொழுந்து எடுத்து எடுத்து விரல் ரேகை தேஞ்சு போனவங்ககிட்ட விரலை வை, விரலை வைன்னு கேட்டுக்கிட்டே இருக்கு. லயத்துக்குள்ள சிக்னல் இல்ல, ஓடீபீ, அதான் மெசேஜ்ல வர்ற ரகசிய நம்பர், வாங்க ரோட்டுக்கு ஏறிப் போய் திரும்புறதுக்குள்ள டைம் முடிஞ்சிருச்சுன்னு ஆரம்பத்துல இருந்து போடச் சொல்லுது. ஒரு பட்டனை எடம் மாத்துறதுக்கு முன்னாடி, பழைய மாதிரியே வச்சிக்கிறீங்களான்னு ஒரு கேள்வி கேட்டா என்ன குறைஞ்சு போகும்?

சரி, இப்ப செய்ய வேண்டியது. ஏதாவது திடீர்னு மாறிட்டா உடனே ரீசெட் பண்ண விடாதீங்க, கடைக்காரர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் "மொதல்ல போட்டோவையும் நம்பரையும் எடுத்து வைங்க"ன்னு சொல்லுங்க, எடுத்து வைக்க மாட்டேன்னா போனைத் திருப்பி வாங்கிட்டு வந்துருங்க. கோல் ஸ்க்ரீன் மாறியிருந்தா கோல் ஆப் செட்டிங்ஸைப் பாருங்க, இழுக்காம ஒரே தட்டுல எடுக்குற வழி நிறைய போன்ல அங்கயே இருக்கு. ப்ளே ஸ்டோர்ல அந்த ஆப்போட பக்கத்தைத் திறந்து, மேல இருக்குற மூனு புள்ளியை அமத்தி ஓட்டோ அப்டேட்டை எடுத்து விட்டா அது தானா மாறாது. அதுக்காக எல்லாத்தையும் நிப்பாட்டாதீங்க, பேங்க் ஆப்பும் வாட்ஸ்அப்பும் கட்டாயம் அப்டேட் ஆகணும், பாதுகாப்பு ஓட்டையை அடைக்கிறது அதுலதான் வருது.

கொழும்புலயும் வெளிநாட்டுலயும் இருக்குற புள்ளைகளே, அம்மா போனை எடுக்கலன்னா கோவப்படாதீங்க. பக்கத்து வீட்டு ஆள் போனுக்கு எடுத்து, ஸ்க்ரீன்ல என்ன தெரியுதுன்னு பொறுமையா கேளுங்க. தீபாவளிக்கோ திருவிழாவுக்கோ ஊருக்கு வந்தா அவங்க கையிலயே போனைக் குடுத்து, நீங்க தொடாம, நாலஞ்சு தடவை வர்ற கோலை அவங்களே எடுத்துப் பேச வைங்க.