வாய்தா யார் கணக்கில் ஏறுகிறது?

சிவில் வழக்கில் வாய்தா, அதாவது விசாரணையை வேறு நாளுக்குத் தள்ளிவைப்பது, கட்சிக்காரரின் உரிமை அல்ல. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 17, விதி 1-இன்படி, போதிய காரணம் காட்டினால் நீதிமன்றம் அதைப் பதிவு செய்து அவகாசம் தரலாம். ஒரு தரப்புக்கு மூன்று முறைக்கு மேல் தரக்கூடாது. மிக இக்கட்டான நிலையில் இந்த வரம்பைத் தளர்த்தலாம் என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான் என்றாலும், அதை நம்பி நான்காவது வாய்தாவுக்குத் துணிய வேண்டாம்.

வழக்கறிஞர் வேறு நீதிமன்றத்தில் இருக்கிறார் என்பது வாய்தாவுக்குக் காரணமாகாது என்று அதே விதி சொல்கிறது; ஆனாலும் அன்றாடம் அதிகம் கேட்கப்படும் காரணம் அதுவே. அவருக்கு உடல்நலமில்லை என்றால்கூட, வேறொருவரை உரிய நேரத்தில் நியமிக்க உங்களுக்கு வழியில்லாமல் போனது என்பதை நீதிமன்றம் ஏற்க வேண்டும். ஆகவே, வழக்கறிஞர் வர முடியாது என்ற தகவல் வந்த அன்றே, நாளை யார் ஆஜராவார் என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

எதிர்த்தரப்புச் சாட்சி வந்து நிற்கும் நாளில் வாய்தா கேட்பது எல்லாவற்றிலும் ஆபத்தானது. நீங்கள் தயாராக இல்லை என்றால், சாட்சியத்தைப் பதிவு செய்துவிட்டுக் குறுக்கு விசாரணை தேவையில்லை என்று உத்தரவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அப்படி நடந்தால் சாட்சி சொன்னது மறுக்கப்படாமலே பதிவேட்டில் நின்றுவிடும். மருத்துவமனையில் சேர்ந்திருப்பது, விண்ணப்பித்த சான்றிட்ட நகல் இன்னும் கைக்கு வராதது போன்ற காரணங்களுக்கு வாய்தா கேட்கலாம்; சேர்க்கைச் சீட்டையோ நகல் மனுவின் எண்ணையோ மனுவோடு இணைத்துவிடுங்கள்.

செலவுத்தொகை செலுத்தும் நிபந்தனையோடு வாய்தா கிடைத்தால், தொகை சிறியது என்று அலட்சியம் வேண்டாம். தாமதத்துக்காகப் பிரிவு 35பி-இன்கீழ் விதிக்கப்பட்ட தொகையை அடுத்த விசாரணை நாளில் செலுத்தினால்தான் வழக்கையோ எதிர்வாதத்தையோ மேற்கொண்டு நடத்த முடியும். வழக்கறிஞர் கட்டியிருப்பார் என்று இருந்துவிடாமல் ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

மனு கொடுத்துவிட்டோம், வாய்தா கிடைத்துவிடும் என்று வீட்டில் இருந்துவிடுவது பலரைக் கவிழ்த்திருக்கிறது. ‘பிரதிவாதி அழைக்கப்பட்டார், ஆஜராகவில்லை, எக்ஸ்பார்ட்டி (ஒருதலைப்பட்சம்)’ என்று குறிப்பெழுத ஒரு நிமிடம் போதும். அதை நீக்கப் பல மாதங்கள் அலைய வேண்டும். வாதி வராமல் வழக்கு தள்ளுபடியானால், மீட்க மனுச் செய்ய 30 நாள். சம்மன் முறையாகக் கிடைத்த பிரதிவாதிக்கு, ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணை நாளிலிருந்து அதே 30 நாள்.

அடுத்த தேதியை அலுவலகத்தில் கேட்டால் வழக்கறிஞரைக் கேட்கச் சொல்வார்கள். அவருடைய குமாஸ்தாவோ வழக்குக் கட்டு இன்னும் நீதிமன்ற பெஞ்ச் கிளார்க்கிடம் இருக்கிறது என்பார். இந்த அலைச்சலைத் தவிர்க்க, வழக்கின் தனி அடையாளமான 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை வாங்கி, நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் செயலியில் நீங்களே பாருங்கள். தேதியோடு நிறுத்தாமல், அன்றைய நடவடிக்கைக் குறிப்பில் வாய்தா யார் கேட்டதாக இருக்கிறது என்பதையும் படியுங்கள். நீதிபதி விடுப்பில் இருந்ததால் தள்ளிப்போன நாள் உங்கள் மூன்றில் சேராது. எதிர்த்தரப்பு கேட்டது உங்கள் பெயரில் ஏறியிருந்தால், அடுத்த விசாரணை நாளிலேயே மெமோ (சுருக்கமான எழுத்துக் குறிப்பு) தாக்கல் செய்து திருத்தக் கோருங்கள்.