ரவுண்ட் ராபின்: கிறிஸ்துமஸ் அட்டைக்குள் வரும் தம்பட்டம்

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு ரவுண்ட் ராபின் பழகிய சொல். ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளோடும் ஒருமுறை மோதும் முறை அது. 1992, 2019 உலகக் கோப்பைகளின் முதல் கட்டம் அப்படித்தான் நடந்தது. பிரிட்டனில் இதே சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. டிசம்பரில் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைக்குள் மடித்து வைத்து அனுப்பும் குடும்பக் கடிதத்துக்கும் ரவுண்ட் ராபின் என்றுதான் பெயர். ஒரே கடிதத்தைப் பல பிரதிகள் எடுத்து, அத்தை மாமாவில் தொடங்கி எப்போதோ பக்கத்து வீட்டில் குடியிருந்தவர் வரை அனுப்பிவிடுவார்கள். பிள்ளைகளின் மதிப்பெண், கணவரின் பதவி உயர்வு, புதுப்பித்த சமையலறை, இத்தாலிப் பயணம் என்று அந்த வருடத்தில் வீட்டில் நடந்த நல்லதெல்லாம் அதில் இருக்கும். அமெரிக்காவில் இதைக் கிறிஸ்துமஸ் லெட்டர், ஹாலிடே லெட்டர் என்பார்கள். எரிச்சல் வந்தால் பிராக் லெட்டர், அதாவது பெருமையடிக்கும் கடிதம்.

ராபின் என்றதும் அந்த ஊர் வாழ்த்து அட்டைகளில் இருக்கும் செந்நெஞ்சுக் குருவிதான் நினைவுக்கு வரும். விக்டோரியா காலத்துத் தபால்காரர்கள் சிவப்புச் சீருடை அணிந்ததால் அவர்களையும் ராபின் என்று அழைத்தார்கள். ஆனால் கடிதத்தின் பெயருக்கும் குருவிக்கும் தொடர்பில்லை. ராபர்ட் என்ற பெயரின் செல்லச் சுருக்கம்தான் ராபின். ஜாக் போல யாருக்கும் எதற்கும் ஒட்டவைக்கும் பெயர். 1546-லேயே ரவுண்ட் ராபின் என்ற சொல் எழுத்தில் இருக்கிறது, நற்கருணை அப்பத்தை இழிவுபடுத்தும் வசைச் சொல்லாக. 'வட்ட நாடா' என்ற பிரெஞ்சுத் தொடரிலிருந்து வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். அதற்குச் சான்று கிடையாது.

கடிதத்தோடு இந்தச் சொல்லைச் சேர்த்தவர்கள் மாலுமிகள். 18-ஆம் நூற்றாண்டில் கப்பல் தலைவரிடம் மனுக் கொடுப்பது ஆபத்தான காரியம். பட்டியலில் முதலில் கையெழுத்துப் போட்டவனைக் கலகத் தலைவன் என்று பிடித்துத் தண்டித்துவிடுவார்கள். அதனால் பெயர்களை வட்டமாக எழுதினார்கள். யார் முதல், யார் கடைசி என்று யாராலும் சொல்ல முடியாது. 1776-இல் ஆங்கில அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சனின் நண்பர்களும் இதே வழியைப் பிடித்தார்கள். மறைந்த எழுத்தாளர் கோல்ட்ஸ்மித்துக்காக ஜான்சன் எழுதிய நினைவுக் கல்வெட்டை லத்தீனில் எழுதாமல் ஆங்கிலத்தில் எழுதும்படி அவரிடம் கேட்கவேண்டும். முதலில் பெயர் போடும் தைரியம் எவருக்கும் இல்லை. அரசியல்வாதி எட்மண்ட் பர்க், வரலாற்றாசிரியர் கிப்பன் போன்ற பெரிய மனிதர்களே வட்டத்தில் ஒளிந்துகொண்டார்கள். ஜான்சன் மசியவில்லை, கல்வெட்டு லத்தீனிலேயே நிற்கிறது.

ஆக, தன் பெயர் முன்னால் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகப் பிறந்த கடிதத்தின் பெயர்தான், தன் குடும்பத்தின் பெயரை வரிக்கு வரி முன்னால் நிறுத்தும் கடிதத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பலர் சேர்ந்து ஒருவருக்கு எழுதியது போய், ஒருவர் பலருக்கு எழுதுவதாகிவிட்டது. பொருள் இவ்வளவு தூரம் தலைகீழாகப் புரண்ட சொற்கள் அதிகமில்லை.

1840-இல் பிரிட்டனுக்குள் எங்கும் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் தபால் முறை வந்தது. 1843-இல் ஹென்றி கோல் என்பவர் முதல் கிறிஸ்துமஸ் அட்டையை அச்சடித்து விற்றார். பிற்பாடு நகலெடுக்கும் இயந்திரம் வந்ததும் முழுக் கடிதத்தையே பிரதியெடுப்பது எளிதாகிவிட்டது. என் கணிப்பில் இந்தக் கடிதங்கள் வரவழைக்கும் சிரிப்பின் வேர் அந்த இயந்திரத்தில்தான் இருக்கிறது. அத்தைக்கு மட்டும் எழுதினால் அத்தையின் முகம் முன்னால் நிற்கும். அவள் மகன் தேர்வில் தோற்ற வருடம் நம் மகனின் முதல் பரிசைப் பற்றி அடக்கித்தான் எழுதுவோம். அறுபது பேருக்கு ஒரே கடிதம் என்றால் எந்த முகமும் நிற்பதில்லை, அடக்கத்துக்கும் வேலை இல்லை. வீட்டில் ஒருவர்தான் எழுதுவார், ஆனால் செய்தி வாசிப்பதுபோலத் தன்னையும் படர்க்கையில் வைத்து எழுதுவார். பாட்டி இறந்ததும் குளியலறைக்குப் புது ஓடு பதித்ததும் ஒரே தொனியில் அடுத்தடுத்த வரியில் வரும். பிள்ளைகளின் சாதனை தீர்ந்ததும் நாய், பூனையின் சாதனை தொடங்கும். கார்டியன் பத்திரிகையாளர் சைமன் ஹாகர்ட் வாசகர்கள் அனுப்பிய இத்தகைய கடிதங்களைத் தொகுத்து 2004-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதன் தலைப்பே குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கத் தெரிந்த பூனையைப் பற்றியது.

'மூன்று பல்கலைக்கழகங்கள் கூப்பிடுகின்றன, பாவம், எதை விடுவதென்று குழம்பிப்போயிருக்கிறாள்' என்பது இன்னொரு வகை. இதற்கு ஹம்பிள்பிராக் என்று பெயர். 2010-இல் ஹாரிஸ் விட்டல்ஸ் என்ற நகைச்சுவை எழுத்தாளர் ட்விட்டரில் இதைப் பிரபலமாக்கினார். தமிழில் 'சலிப்புப் பெருமை' எனலாம். சலித்துக்கொள்வதுபோலப் பெருமையடிப்பது நமக்கும் நன்றாகவே தெரியும்.

சரி, கடிதத்துக்குத் தமிழ்ச்சொல் என்ன? சுற்றறிக்கை என்றால் அலுவலக வாசம் அடிக்கிறது. பொதுவான குடும்பக் கடிதத்துக்குச் 'சுற்றுமடல்' போதும். பெருமை மட்டுமே நிறைந்ததை எப்படிச் சொல்வது? தற்பெருமை மனத்துக்குள்ளேயும் இருக்கலாம். பீற்றல் என்பதில் கோபம் கலந்திருக்கிறது. தம்பட்டம் ஊருக்கே கேட்கும்படி அடிக்கும் தோல்கருவி. எல்லோருக்கும் ஒரே ஓசை, கேட்பவர் யாரென்று அதற்குக் கவலை இல்லை. அதனால் 'தம்பட்ட மடல்' என்பதையே தேர்கிறேன்.

கடிதத்தில் தன்னைப் புகழ்வது தமிழுக்குப் புதிதும் இல்லை. தன்னைத் தானே புகழ்வது தகாது என்று சொல்லும் நன்னூல், அடுத்த நூற்பாவிலேயே புலவருக்கு நான்கு விலக்குகள் தருகிறது. முதல் விலக்கு 'மன்னுடை மன்றத்து ஓலைத்தூக்கினும்', அதாவது அரசவைக்கு ஓலை எழுதும்போது. அடுத்து, தன் ஆற்றலை அறியாதவர் நடுவில். அவையில் வெல்லவேண்டிய வேளையில். எதிராளி தன்னைப் பழிக்கும்போது. சீட்டுக்கவி, அதாவது உதவி கேட்டுப் பாட்டாகவே கடிதம் எழுதிய புலவர்கள் இந்த முதல் உரிமையைத் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். ஆனால் நான்கு இடங்களிலும் எதிரே குறிப்பிட்ட ஆள் அல்லது அவை இருக்கிறது, புகழ்வதற்கு ஒரு தேவையும் இருக்கிறது. தம்பட்ட மடலில் அந்த இரண்டுமே கிடையாது. அதனால் சீட்டுக்கவி என்ற பழைய சொல்லை இதற்குக் கடன் கொடுக்கவேண்டாம்.

மற்றப் பொருள்களுக்கும் தனித்தனிச் சொல் வைத்துக்கொள்வதே நல்லது: மாலுமிகளின் மனு 'வட்டக் கையொப்ப மனு', விளையாட்டில் வருவது 'சுழல்முறைப் போட்டி'.