எறும்பு மொய்க்கும் வரை காத்திருக்க வேண்டாம்

என் சித்தப்பாவுக்குச் சுகர் இருப்பது, கண்புரை ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் தெரிந்தது. "எனக்குத்தான் ஒரு தொந்தரவும் இல்லையே" என்று அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் சொன்னது பொய்யில்லை. அடிக்கடி சிறுநீர் போகவில்லை, தாகம் எடுக்கவில்லை, எடையும் குறையவில்லை. இவை வந்தால்தான் சுகர் என்று நம்மில் பலர் கணக்குப் போட்டு வைத்திருக்கிறோம். அந்தக் கணக்கு எங்கே தப்புகிறது என்பது சிறுநீரகம் வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் புரிந்துவிடும். தொந்தரவு எதுவும் இல்லாதவர் எந்த வயதில் டெஸ்ட் எடுக்கத் தொடங்க வேண்டும் என்ற கேள்வியும் அங்கிருந்துதான் எழுகிறது.

சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும்போது குளுக்கோஸும் சேர்ந்து வடிகிறது. அதை வீணாகப் போகவிடாமல் நுண்குழாய்கள் உறிஞ்சி ரத்தத்துக்கே திருப்பி அனுப்புகின்றன. ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்குச் சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டும்போதுதான் அவற்றால் சமாளிக்க முடியாமல் போகிறது. அதற்குப் பிறகுதான் சர்க்கரை சிறுநீரில் இறங்கி, தண்ணீரையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். ராத்திரியில் மூன்று முறை எழுந்திருப்பது, நாக்கு வறள்வது, சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்ப்பது எல்லாமே அந்த 180-க்கு அப்பால் நடப்பவை. ஆனால் வெறும் வயிற்றில் 126 இருந்தாலே அது சர்க்கரை நோய். சாப்பிட்ட பிறகு சிறிது நேரம் 180-ஐத் தாண்டி இறங்கினாலும் உடம்புக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. இப்படியே வருடக்கணக்கில் ஓடிவிடும்.

அந்த வருடங்கள் சும்மா கழிவதில்லை. பிரிட்டனில் 1977-இல் தொடங்கிய யுகேபிடிஎஸ் ஆய்வு, புதிதாக நோய் கண்டறியப்பட்ட 5,102 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. நோய் தெரியவந்த நாளிலேயே, இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களின் திறனில் ஏறக்குறைய பாதி போயிருக்கும் என்று அதன் தரவுகளிலிருந்து கணித்தார்கள்.

சரி, அப்படியானால் எல்லோரையும் பிடித்து வருடா வருடம் டெஸ்ட் எடுத்துவிட்டால் தீர்ந்ததா? இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பகுதியில் அப்படி ஒரு கேள்வியைச் சோதித்தே பார்த்தார்கள். 40 முதல் 69 வயது வரை உள்ள, ஆபத்து அதிகம் என்று கணிக்கப்பட்டவர்களைச் சில மருத்துவமனைகளில் டெஸ்டுக்கு அழைத்தார்கள், சிலவற்றில் அழைக்கவில்லை. சுமார் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, 2012-இல் முடிவு வந்தது: இரு தரப்பிலும் இறப்பு விகிதத்தில் வித்தியாசம் இல்லை. இதைப் படித்தபோது எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனால் டெஸ்டால் கிடைக்கும் முக்கியமான லாபத்தை வேறு இடத்தில் தேட வேண்டும் என்று நினைக்கிறேன். அது நோய்க்கு முந்தைய படியில் இருக்கிறது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்திய ஆய்வு 2006-இல் வெளியானது. குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் சர்க்கரை சரியாக இறங்காத, ஆனால் நோய் என்று சொல்லும் அளவுக்கு ஏறாத 531 பேர் அதில் இருந்தார்கள். உணவும் நடையும் மாற்றியவர்களுக்கு, மூன்று ஆண்டுகளில் நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அந்தப் படியில் இருக்கும்போது பிடிக்க வேண்டும் என்பதுதான் எந்த வயதில் டெஸ்ட் எடுக்கத் தொடங்குவது என்ற கேள்விக்கே அடிப்படை.

வயது என்று வந்தால் அமெரிக்காவில் 2021-இல் தடுப்புச் சேவைகளுக்கான நிபுணர் குழு 40 என்றிருந்ததை 35 ஆக்கியது. எடை கூடியிருப்பவர்களுக்கு 35 முதல் 70 வரை என்பது அதன் பரிந்துரை. இந்தியாவின் தேசியத் திட்டமோ 30 வயதான எல்லோரையும் பரிசோதிக்கச் சொல்கிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' அதை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது.

நமக்கு மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம்? புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் பிரிட்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கினும் 2004-இல் தங்கள் இருவரின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஒரு சிறு குறிப்பு வெளியிட்டார்கள். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடான பிஎம்ஐ இருவருக்கும் ஒன்றே, 22.3. பார்வைக்கு இருவருமே ஒல்லி. உடலில் இருந்த கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். நம் ஊரில் "ஒல்லியாகத்தானே இருக்கிறேன்" என்ற வார்த்தையை நம்பி எத்தனை பேர் ஏமாந்திருக்கிறார்கள்! தெற்காசியர்களுக்கு பிஎம்ஐ 23-ஐத் தொட்டாலே கவனிக்கச் சொல்வது இதனால்தான். அந்தக் கொழுப்பு வயிற்றுப் பகுதியில் சேர்வதால், எடை மெஷினைவிடத் தையற்காரரின் டேப் அதிகம் சொல்லும்.

அந்த டேப்பை வைத்தே ஆபத்தைக் கணக்கிடும் ஒரு வழியை, சென்னையில் டாக்டர் வி. மோகன் குழு, நகர மக்கள் 26,001 பேரிடம் எடுத்த ஆய்வின் அடிப்படையில் 2005-இல் உருவாக்கியது. நான்கே கேள்விகள்தான். வயது 35-க்குக் கீழ் என்றால் 0 மதிப்பெண், 35 முதல் 49 வரை 20, அதற்கு மேல் 30. இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. தொட்டால் 10, இன்னும் 10 செ.மீ. கூடினால் 20. உடற்பயிற்சி, உடலுழைப்பு இரண்டும் இருந்தால் 0, ஒன்று மட்டும் இருந்தால் 20, இரண்டுமே இல்லையென்றால் 30. அம்மா அப்பாவில் ஒருவருக்குச் சுகர் என்றால் 10, இருவருக்கும் என்றால் 20. மொத்தம் 60 வந்தால் ஆபத்து அதிகம்.

இப்போது ஒரு 33 வயதுப் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க உட்கார்ந்த வேலை, நடையும் இல்லை. இடுப்பு 84 செ.மீ., அம்மா அப்பா இருவருக்கும் சுகர். வயதுக்கு 0, இடுப்புக்கு 10, உழைப்பில்லாததற்கு 30, பெற்றோருக்கு 20. ஆக 60. வயதை மட்டும் பார்த்து "35 ஆகட்டும்" என்று இவர் காத்திருந்தால் என்ன ஆகும்? இந்தக் கணக்கும் எல்லோரையும் பிடித்துவிடாது. தெரியாமல் சுகர் இருக்கும் 100 பேரில் ஏறக்குறைய 72 பேரைத்தான் இது அடையாளம் காட்டியது. மொத்தம் 40 மதிப்பெண் வந்தவர் டெஸ்ட்டே வேண்டாம் என்று இருந்துவிடக் கூடாது.

அளக்கும்போது பேன்ட் பெல்ட் கட்டும் இடத்தில் டேப்பை வைக்காதீர்கள். தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டியிருந்தால் அந்த அளவு பொய் சொல்லும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் சுற்றி, மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்டபின் பாருங்கள். வயிற்றை எக்கக் கூடாது.

டெஸ்ட் என்று போனால், விரல் நுனியில் குத்திப் பார்ப்பது சந்தேகத்தை எழுப்ப மட்டுமே. உறுதிசெய்ய லேபில் கையின் ரத்தக்குழாயிலிருந்து ரத்தம் எடுக்க வேண்டும். எட்டு மணி நேரம் சாப்பிடாமல் எடுத்ததில் 100-க்குக் கீழ் இருந்தால் இயல்பு, 100 முதல் 125 வரை முன்நிலை, அதாவது நோய்க்கு முந்தைய படி. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 140 முதல் 199 வரை முன்நிலை, 200 என்றால் நோய். மூன்று மாதச் சராசரி என்று நாம் சொல்லும் ஹெச்பிஏ1சி 6.5 சதவீதத்தைத் தொட்டாலும் அப்படியே. அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரே ஒரு முடிவை வைத்து நோய் என்று முத்திரை குத்துவதில்லை. இன்னொரு டெஸ்டும் அதையே சொல்ல வேண்டும்.

ஹெச்பிஏ1சியில் ஒரு சிக்கல் உண்டு. சிவப்பணுவில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதைத்தான் அது அளக்கிறது. சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். இரும்புச்சத்து குறைந்தால் இந்த எண் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. ஆகவே ரத்தசோகை இருப்பவர் குளுக்கோஸ் குடித்து எடுக்கும் டெஸ்டைக் கேட்டு வாங்குவது நல்லது.

எல்லாம் இயல்பு என்றால் அடுத்த டெஸ்ட் மூன்று ஆண்டுக்குள் போதும். முன்நிலை என்றால் வருடம் ஒருமுறை. கர்ப்ப காலத்தில் சுகர் வந்துபோன பெண்களுக்கு வயதுக் கணக்கே கிடையாது. பிரசவமானதும் பெரும்பாலும் சர்க்கரை இறங்கிவிடுவதால், குழந்தையைக் கவனிக்கும் அவசரத்தில் வீட்டில் எல்லோரும் அதை மறந்துவிடுகிறார்கள். பிரசவத்துக்குப் பின் 6 முதல் 12 வாரத்துக்குள் குளுக்கோஸ் குடித்து ஒரு டெஸ்ட், அப்புறம் ஒன்று முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை என்று வாழ்நாள் முழுக்க எடுக்க வேண்டும். குழந்தைக்கு ஆறாவது வாரத் தடுப்பூசி போட எப்படியும் போகத்தான் போகிறார்கள். அன்று காலை வெறும் வயிற்றோடு கிளம்பினால் அம்மாவின் டெஸ்டையும் முடித்துக்கொண்டு வந்துவிடலாம்.